கரண்ட் பில்லில் இருந்து கார்பன் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பக்கம் உள்ள சிறு பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது என் வேலை. சில வருடங்களாக ஜிஎஸ்டி கேள்விகளோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "பையர் (நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) கார்பன் கணக்கு கேட்கிறார், எப்படிப் போடுவது?" கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்தவுடன், "அப்படியே நம்ம வீட்டுக்கும் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

இபி பில்லை வைத்தே கார்பன் உமிழ்வைக் கணக்கிட முடியுமா?

முடியும். ஒரே ஒரு பெருக்கல்தான். நீங்கள் செலவழித்த யூனிட்டை, ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கும்போது சராசரியாக வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் எடையால் பெருக்க வேண்டும். அந்த எடைக்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். இந்தியாவுக்கு 2023-24 நிதியாண்டில் அது 0.727 கிலோ. 100 யூனிட் என்றால் 72.7 கிலோ.

பெருக்கத் தெரியாமல் யாரும் தப்புப் பண்ணுவதில்லை. எந்த யூனிட்டை எடுப்பது, எந்தக் காரணியை எடுப்பது என்பதில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது.

பில்லில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

"நுகர்வு" அல்லது "யூனிட்" என்று போட்டிருக்கும் எண்ணை. இந்த ரீடிங்கில் இருந்து போன ரீடிங்கைக் கழித்தால் வருவது அதுதான். கட்ட வேண்டிய தொகையையும், சாங்ஷன் ஆன கிலோவாட்டையும், பெரிய இணைப்புகளில் வரும் கேவிஏ டிமாண்டையும் தொடாதீர்கள். அவை வேறு சங்கதி.

தமிழ்நாட்டில் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. வருடத்துக்கு ஆறு பில். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் முறை என் வீட்டுக்குக் கணக்குப் போட்டபோது சராசரி பில்லை எடுத்து 12-ஆல் பெருக்கிவிட்டேன். ஊரிலேயே நாம்தான் பெரிய மாசுக்காரர் போல என்று இரண்டு நாள் கவலைப்பட்ட பிறகுதான் தப்பு தெரிந்தது.

இபி கார்டைத் திறந்து ஆறு ரீடிங்கையும் கூட்டுங்கள். ஒரு வீட்டு உதாரணம்: 310, 340, 560, 480, 390, 320. மொத்தம் 2,400 யூனிட். நடுவில் 560-க்குத் தாவியிருப்பது கோடையில் ஏசி ஓடியதால். 2,400 × 0.727 = 1,744.8 கிலோ, அதாவது 1.74 டன். நாலு பேர் உள்ள வீடு என்றால் தலைக்கு 436 கிலோ.

ஒரு முறை கதவு பூட்டியிருந்து ரீடிங் எடுக்காமல் உத்தேசமாகப் போட்டிருந்தாலும் கவலையில்லை. அடுத்த ரீடிங்கில் சரியாகிவிடும். வருடம் முழுவதையும் கூட்டுவதில் இது ஒரு வசதி.

இந்த 0.727 எங்கிருந்து வந்தது? இணையத்தில் 0.82 என்றும் பார்க்கிறேனே?

மத்திய மின்சார ஆணையம் நாட்டிலுள்ள மின் நிலையங்களின் எரிபொருள், உற்பத்திக் கணக்கை வைத்து வருடா வருடம் ஒரு தரவுத் தொகுப்பு வெளியிடுகிறது. 2022-23-க்கு 0.716, 2023-24-க்கு 0.727 என்பது அதில் உள்ள சராசரி. புதிய பதிப்பு வந்திருந்தால், எந்த வருடத்து யூனிட்டோ அந்த வருடத்துக் காரணியை எடுங்கள்.

0.82 என்பது பழைய பதிப்புகளில் வந்தது. காற்றாலை, சூரிய மின்சாரத்தைச் சேர்க்காமல் போட்ட சராசரி. பல இணையக் கணிப்பான்கள் அதைப் பத்து வருடமாக மாற்றாமலே வைத்திருக்கின்றன. எந்த வருடத்துக் காரணி என்று சொல்லாத கணிப்பானை நான் நம்புவதில்லை.

அதே தொகுப்பில் ஆபரேட்டிங் மார்ஜின், பில்ட் மார்ஜின், கம்பைண்டு மார்ஜின் என்று வேறு எண்களும் இருக்கும். புதிதாக ஒரு சோலார் திட்டமோ காற்றாலையோ எவ்வளவு உமிழ்வைத் தவிர்க்கும் என்று நிரூபிக்க வேண்டியவர்களுக்கானவை அவை. வீட்டுக்கும் கம்பெனிக்கும் சராசரி போதும்.

0.716 எப்படி 0.727 ஆனது என்று கேட்டால், ஒரு முக்கியக் காரணம் மழை. 2023-இல் பருவமழை சரியில்லாமல் நீர்மின் உற்பத்தி நன்றாகவே சரிந்தது, அந்த இடத்தை நிலக்கரி நிரப்பியது. அதே 2,400 யூனிட்டை எரித்த வீட்டின் கணக்கில் ஒரு ஸ்விட்சைக்கூடக் கூடுதலாகப் போடாமல் 26 கிலோ ஏறியது. போன வருடத்தோடு ஒப்பிடும்போது யூனிட்டையும் தனியாகப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இவ்வளவு காற்றாலை இருக்கிறதே, நமக்குக் குறைவான காரணி கிடையாதா?

நியாயமான கேள்வி. முப்பந்தல் வழியாகப் போனவர்களுக்கும், ஆடி மாதத்தில் உடுமலைப் பக்கம் போனவர்களுக்கும் கண்ணால் பார்த்த சந்தேகம் இது. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு, கல்பாக்கத்தில் சிறிய உலைகள் என்று கரி எரியாத மின்சாரம் நம்மிடம் நிறையவே உண்டு.

ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்றால், பழுப்பு நிலக்கரியில் அதைவிட அதிகம்.

எப்படியும் கம்பிக்கு மாநில எல்லை தெரியாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் இணைந்தபோது தென்னக கிரிட், அதாவது தென் மாநிலங்களின் மின்கம்பி வலை, நாட்டின் மற்ற கிரிட்டோடு ஒன்றாகிவிட்டது. காற்று வீசும்போது நாம் வெளியே கொடுக்கிறோம், இல்லாதபோது வாங்குகிறோம். நம் வீட்டு மிக்ஸிக்கு வந்த மின்சாரம் முப்பந்தலில் கிளம்பியதா, வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் கிளம்பியதா என்று பிரிக்க வழியில்லை. ஆணையமும் நாடு முழுவதற்கும் ஒரே காரணிதான் தருகிறது. அதையே போடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு 100 யூனிட் இலவசம். பில் பூஜ்ஜியம். உமிழ்வும் பூஜ்ஜியம்தானே?

இல்லை. 2016-இல் இருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம்தான் இல்லை, நிலக்கரி எரிந்தது எரிந்ததுதான். 95 யூனிட் ஓடியிருந்தால் சுமார் 69 கிலோ. அதே சமயம், இரண்டு மாதத்துக்கு 95 யூனிட்டில் குடும்பம் நடத்துகிறவர்களிடம் போய்க் கார்பன் பேசுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

கட்டிய ரூபாய்தான் ஞாபகம் இருக்கிறது. அதில் இருந்து கணக்கிடலாமா?

வேண்டாம். நம் கட்டணம் ஸ்லாப் கணக்கு. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது, அதற்குப் பிறகும் உயர்ந்தது. ரூபாயை வைத்துப் போட்டால் கட்டணம் ஏறிய வருடமெல்லாம் உமிழ்வும் ஏறியதுபோலக் காட்டும். சர்வீஸ் நம்பரைப் போட்டால் பழைய யூனிட் விவரம் இணையத்திலேயே கிடைக்கும்.

வழியில் கம்பியில் இழக்கும் மின்சாரத்தைச் சேர்க்க வேண்டுமா?

ஆணையத்தின் காரணி மின் நிலையத்தின் வாசலில் அளந்தது. அங்கிருந்து உங்கள் மீட்டர் வரும் வழியில் டிரான்ஸ்பார்மரிலும் கம்பியிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. நாடு முழுவதும் பார்த்தால் இந்த இழப்பு 15 சதவீதத்துக்கு மேல்.

15 சதவீதம் என்றே வைத்து மேலே சொன்ன வீட்டைப் பார்ப்போம். 2,400-ஐ 0.85-ஆல் வகுத்தால் 2,824 யூனிட் கிளம்பியிருக்க வேண்டும். உமிழ்வு 2.05 டன். வீட்டுக்கு இதைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். கம்பெனிக் கணக்கில் இதை ஸ்கோப் 3 (உங்கள் இடத்துக்கு வெளியே நடக்கும் மற்ற உமிழ்வுகள்) என்ற தனித் தலைப்பில் எழுத வேண்டும், வாங்கிய மின்சாரத்தோடு கலக்கக் கூடாது.

இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் இரண்டுக்கும் எப்படி?

இன்வெர்ட்டரைத் தனியாக எண்ணாதீர்கள். பேட்டரிக்கு ஏறியதும் மீட்டர் வழியாக வந்ததே.

ஜெனரேட்டருக்கு டீசல் லிட்டரைக் குறித்து வையுங்கள். ஒரு லிட்டருக்கு 2.68 கிலோ. ஒரு லிட்டரில் சுமார் 3 யூனிட் கிடைக்கும் என்பதால் யூனிட்டுக்கு 0.9 கிலோவை ஒட்டி வரும். இபி கரண்டைவிட மோசம்.

மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். நெட் மீட்டர். பில் பூஜ்ஜியம் வருகிறது. இப்போதாவது பூஜ்ஜியம் என்று எழுதலாமா?

கிட்டே வந்துவிட்டீர்கள், ஆனால் இன்னும் இல்லை.

நெட் மீட்டரில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்று இரண்டு எண் இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு மாதத்தில் பேனல் தயாரித்தது 640 யூனிட். பகலில் வீட்டில் ஆள் இல்லாததால் 410 யூனிட் கிரிட்டுக்குப் போய்விட்டது. ராத்திரிக்கும் மழை நாளுக்கும் 230 யூனிட் உள்ளே வந்தது. கழித்துப் பார்த்தால் வாரியத்துக்கு நீங்கள்தான் 180 யூனிட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

வீட்டின் உண்மையான நுகர்வு 640 – 410 + 230 = 460 யூனிட். பேனல் போட்ட பிறகு எவ்வளவு எரிக்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. "ஃப்ரீதானே" என்று இரண்டாவது ஏசி வாங்கியவரை எனக்குத் தெரியும். அதனால் இந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

உமிழ்வு, உள்ளே வந்த 230-க்குத்தான்: 167 கிலோ. ராத்திரி எட்டு மணிக்கு வந்த அந்த மின்சாரம் பெரும்பாலும் அனல் நிலையத்தில் இருந்து வந்தது. மத்தியானம் நீங்கள் கொடுத்ததை யாரும் பத்திரப்படுத்தி வைத்து ராத்திரி திருப்பித் தரவில்லை. வெளியே போன 410 யூனிட் இன்னொருவருடைய தேவையைத் தீர்த்தது. அதைத் "தவிர்த்த உமிழ்வு, 298 கிலோ" என்று தனி வரியில் எழுதுங்கள். இரண்டையும் கழித்து மைனஸில் காட்டினால் படிக்கிறவருக்கு எதுவும் புரியாது.

தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். துணி துவைப்பதையும் மோட்டார் போடுவதையும் மத்தியானத்துக்கு மாற்றினால் இம்போர்ட் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அபார்ட்மெண்டில் இருக்கிறோம். லிப்ட், மோட்டார் கணக்கு?

பொது இணைப்பின் யூனிட்டை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து உங்கள் பங்கைச் சேருங்கள். 12 வீட்டுக்கு 1,500 யூனிட் என்றால் ஆளுக்கு 125. வாடகை வீட்டில் சப் மீட்டர் இருந்தால் அந்த ரீடிங் போதும்.

குறைக்க வேண்டுமென்றால் எதைத் தொடுவது?

முதலில் மின்விசிறி. பழைய விசிறி 75 வாட், நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பிஎல்டிசி விசிறி 30 வாட், அதே நேரத்துக்கு 0.36 யூனிட். ஒரு விசிறிக்கு வருடத்தில் 197 யூனிட், 143 கிலோ மிச்சம். வீட்டில் மூன்று விசிறி மாற்றினால் நாலு பேரில் ஒருவருடைய பங்கு ஏறக்குறைய அப்படியே போய்விடும்.

ஏசியில் மின்சாரம் தவிர இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது: கேஸ். ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால் அது 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். முதலில் பார்த்த வீட்டின் ஒரு வருட மின்சாரமே 1,745 கிலோதான். ஆர்-32 என்றால் 675 கிலோ. கசிவை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால், பில்லைப் பார்த்துப் பண்ணிய சிக்கனம் எல்லாம் வீண். இது மின்சாரக் கணக்கில் வராது, தனியாக எழுத வேண்டும்.

கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் உமிழ்வு குறையுமா?

இன்றைய நிலவரத்தில் குறையாது. நான் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, அதனால் கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன்.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் உள்ள வெப்பம் சுமார் 181 யூனிட்டுக்குச் சமம். அடுப்பில் 60 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மற்றது சமையலறையைத்தான் சூடாக்குகிறது. ஆக உணவுக்குப் போய்ச் சேர்வது 109 யூனிட். அதே வெப்பத்தை 85 சதவீதத் திறனுள்ள இண்டக்‌ஷனில் கொடுக்க 128 யூனிட் வேண்டும். 128 × 0.727 = 93 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல்!

காரணம் எளிது. அனல் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை மறுபடியும் வெப்பமாக்குகிறோம். நேராக எரிக்கும் கேஸோடு அது போட்டி போட முடியாது. உங்கள் மாடியில் பேனல் இருந்து, மத்தியானச் சமையலை அந்த மின்சாரத்தில் செய்தால் கதையே வேறு. சமையலறைப் புகை, சிலிண்டர் விலை என்று இண்டக்‌ஷனுக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம். நான் கார்பனை மட்டும் சொல்கிறேன்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர்?

100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட், 2.2 கிலோ. லிட்டருக்கு 50 ஓடும் பெட்ரோல் வண்டி 2 லிட்டர் குடித்து 4.6 கிலோ விடும். இங்கே மின்சாரம் ஜெயிக்கிறது, ஏனென்றால் பெட்ரோல் என்ஜின் வெப்பத்தைப் பெரும்பாலும் வீணடிக்கிறது. வீட்டில் சார்ஜ் போட்டால் அது வீட்டு பில்லில் ஏற்கெனவே வந்துவிட்டது, மறுபடி எழுதாதீர்கள்.

பையர் "ஒரு பீஸுக்கு எவ்வளவு கார்பன்" என்று கேட்கிறார். சிறு கம்பெனி எப்படிப் பதில் சொல்வது?

வருடத்துக்கு 36,000 யூனிட், ஜெனரேட்டருக்கு 600 லிட்டர் டீசல் செலவாகும் தையல் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டீசல் உங்கள் இடத்திலேயே எரிகிறது, அது ஸ்கோப் 1: 1,608 கிலோ. வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2: 26,172 கிலோ. இரண்டும் சேர்த்து 27,780 கிலோ. தைத்து அனுப்பியது 4 லட்சம் பீஸ் என்றால் பீஸுக்கு 69 கிராம்.

பக்கத்திலேயே "தையலும் பேக்கிங்கும் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். நூல், நிட்டிங், சாயம் எல்லாம் வேறு இடத்தில் நடந்தவை. சாயப்பட்டறை பாய்லரின் உமிழ்வோடு ஒப்பிட்டால் தையல் மெஷினுடையது ஒன்றுமே இல்லை. இந்த ஒரு வரி இல்லாமல் 69 கிராம் என்று அனுப்பினால், முழு பனியனுக்கும் அவ்வளவுதான் என்று பையர் எடுத்துக்கொள்வார். பிறகு விளக்கம் சொல்லி மாளாது.

எங்களுக்குச் சொந்தக் காற்றாலை இருக்கிறது. அதன் யூனிட்டைக் கழிக்கலாமா?

கோவை, திருப்பூர் மில்காரர்கள் எல்லோரும் கேட்பது. வெளிநாட்டு பையர்கள் பொதுவாகப் பின்பற்றும் உமிழ்வுக் கணக்கு விதிமுறையான ஜிஹெச்ஜி புரோட்டோகால், 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டியில் கழிக்காத எண், கழித்த எண் இரண்டையும் கேட்கிறது.

ஒரு மில்லின் நுகர்வு 2 லட்சம் யூனிட். பில்லில் காற்றாலைக் கணக்கில் சரிக்கட்டியது 1.4 லட்சம், வாரியத்திடம் வாங்கியது 60,000. முதல் முறை, இடத்தை வைத்து: காற்றாலையைப் பார்க்காமல் 2 லட்சத்தையும் 0.727-ஆல் பெருக்கு, 145 டன். இரண்டாவது முறை, ஒப்பந்தத்தை வைத்து: வாங்கிய 60,000-க்கு மட்டும், 44 டன். இரண்டையும் எழுத வேண்டும். 44-ஐ மட்டும் பெரிய எழுத்தில் போட்டு 145-ஐ மறைப்பவர்களும் உண்டு. ஆடிட்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஒரு நிபந்தனை: அந்தக் காற்றாலை மின்சாரத்துக்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழை, அதாவது ஆர்இசியை விற்றுவிட்டால், பசுமை என்ற உரிமையும் வாங்கியவரிடம் போய்விட்டது. நீங்கள் கழிக்க முடியாது. மாட்டை விற்றவர் பாலுக்குச் சொம்பு எடுத்துப் போகக் கூடாது.

சட்டப்படி இந்தக் கணக்கு கட்டாயமா?

வீட்டுக்கு இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலான முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கையில் தர வேண்டும். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரியான சிபிஏஎம்மைக் காட்டி பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது இப்போது இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். பனியன் அதில் இல்லை. பையர் கேட்பது அவருடைய சொந்தக் கணக்குக்காக.

இலங்கையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் இதே எண்ணைப் போடலாமா?

கூடாது. இலங்கையில் நீர்மின்சாரத்துக்குப் பெரிய பங்கு, நுரைச்சோலையில் நிலக்கரி, தேவைப்படும்போது எண்ணெய். நீர்த்தேக்கங்கள் நிரம்பிய வருடத்துக்கும் வறண்ட வருடத்துக்கும் காரணி நன்றாகவே மாறும், அதனால் அந்தந்த வருடத்து எண்ணைத் தேடி எடுங்கள். சிங்கப்பூரில் இயற்கை எரிவாயு என்பதால் 0.4 கிலோவை ஒட்டி இருக்கும்.

கடைசியில் விடையை எப்படி எழுதி வைப்பது?

1,744.8 என்று தசமத்தோடு எழுதாதீர்கள். புளி நிறுக்கும் தராசில் தங்கம் நிறுத்தது போல இருக்கும். "சுமார் 1.7 டன்" போதும். அதன் கீழே: எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை, மொத்த யூனிட், காரணி 0.727 (2023-24, கார்பன் டை ஆக்சைடு மட்டும்), கம்பி இழப்பு சேர்த்ததா இல்லையா. நான் இபி கார்டின் பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுவேன். அடுத்த வருடம் தேட வேண்டியதில்லை.